ஹைபிரிட் கார் வாங்க நினைப்போர் கவனிக்க: பிளக் உள்ளதா, இல்லாததா?

ஹைபிரிட் என்ற சொல் விவசாயிகளுக்குப் புதிதல்ல. வீரிய ஒட்டுச் சோளமும், வீரிய ஒட்டுப் பருத்தியும், தக்காளியும் போட்டுப் பழகியவர்கள் அவர்கள். இரண்டு ரகங்களின் நல்ல குணங்களை ஒன்றாகச் சேர்த்து எடுத்தது ஒட்டு விதை. விலை கூடுதல். ஏற்ற மண்ணில் போட்டு, உரிய காலத்தில் தண்ணீரும் உரமும் கொடுத்தால் அந்தக் கூடுதல் விலையைத் திருப்பிக் கொடுத்துவிடும். கரட்டு மானாவாரியில் கொண்டுபோய்ப் போட்டால் விதைக்குக் கொடுத்த காசும் தேறாது.

அதே பெயரில் இப்போது கார்கள் விற்பனையாகின்றன. ஒரே வண்டியில் பெட்ரோல் எஞ்சினும் மின்சார மோட்டாரும் சேர்ந்திருப்பதால் இந்தப் பெயர். இங்கேயும் ஏற்ற இடத்தில் போட்டால்தான் பணம்.

சிறு விவசாயிக்குக் கார் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். இரண்டு மூன்று ஏக்கரை அப்பா பார்த்துக்கொள்ள, மகன் வாடகைக் கார் ஓட்டும் குடும்பங்கள் இன்று கிராமந்தோறும் உண்டு. நாலு வழிச் சாலைக்கு நிலம் போய், இழப்பீட்டுப் பணம் கைக்கு வந்த வீடுகள் உண்டு. மஞ்சளோ வாழையோ ஒரு வருடம் நல்ல விலைக்குப் போனதும், "இத்தனை நாள் பஸ்ஸுக்கு நின்றது போதும்" என்று கிளம்புகிறவர்களும் உண்டு. இந்தப் பணம் அடிக்கடி வருவதல்ல. நிலத்தை விற்று வந்த பணமானால் ஒரே ஒரு முறைதான் வரும். ஆகவே கடைக்காரர் சொல்லும் கணக்கோடு நிறுத்திவிடாமல், தாங்களே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது அவசியம்.

கிணற்று மேட்டில் உள்ள உதாரணம்

மின் இணைப்புக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த நாட்களில் பல கிணறுகளில் ஆயில் எஞ்சின்தான் தண்ணீர் இறைத்தது. இணைப்பு வந்த பிறகும் எஞ்சினை விற்காமல் வைத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். கரண்ட் இருக்கும்போது மோட்டார், இல்லாதபோது எஞ்சின். மோட்டார் ஓடும் வரை எண்ணெய்ச் செலவு கிடையாது.

பிளக் மாட்டும் ஹைபிரிட் கார் இந்தக் கிணற்று மேட்டைப் போன்றது. இரவில் வீட்டுப் பிளக்கில் மாட்டிவைத்தால் அதன் பாட்டரி நிரம்புகிறது. மறுநாள் அந்த மின்சாரம் தீரும் வரை மோட்டாரில் ஓடுகிறது. தீர்ந்த பிறகு பெட்ரோல் எஞ்சின் பொறுப்பை எடுத்துக்கொள்கிறது.

பிளக் இல்லாத சாதாரண ஹைபிரிட் வேறு ஜாதி. அதற்கு வெளியிலிருந்து மின்சாரமே கிடையாது. அதிலுள்ள மோட்டார் ஓடுவதும் மின்சாரத்தால்தான் என்றாலும், அந்த மின்சாரம் முழுவதும் அதே வண்டியில் ஊற்றிய பெட்ரோலிலிருந்து பிறந்தது. "தானாகவே சார்ஜ் ஆகிக்கொள்ளும் கார்" என்று விளம்பரங்களில் வரும் வாசகத்தைப் பார்த்து, சும்மா மின்சாரம் கிடைப்பதாக நினைத்துவிடக் கூடாது. தானாக எதுவும் விளைவதில்லை. வீணாகப் போவதில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

வீணாவதைப் பிடிப்பது எப்படி?

பாரம் ஏற்றிய மாட்டு வண்டி இறக்கத்தில் இறங்கும்போது வண்டி மாட்டைத் தள்ளும். கட்டையை இழுத்துப் பிடித்தால் கட்டையும் பட்டாவும் சூடேறும். ஏற்றத்தில் மாடு பட்ட பாடு முழுவதும் இறக்கத்தில் அந்தச் சூடாகப் போய்விடுகிறது. சாதாரணக் காரின் பிரேக்கிலும் நடப்பது இதுவே. ஹைபிரிட் காரில் பிரேக்கை அழுத்தியதும் மோட்டாரே டைனமோவாக மாறி, சக்கரத்தின் ஓட்டத்தைத் தடுத்து, அந்த விசையை மின்சாரமாக்கிப் பாட்டரிக்கு அனுப்புகிறது. அடுத்த முறை வண்டி கிளம்பும்போது அந்த மின்சாரம் உதவிக்கு வருகிறது.

இன்னொரு சிக்கனமும் உண்டு. சிக்னலிலும், சந்தைக் கடை நெரிசலிலும் வண்டி நிற்கும்போது எஞ்சின் அணைந்துவிடுகிறது. மெதுவாக ஊர்ந்து போகும்போது மோட்டாரே இழுக்கிறது. எஞ்சின் எந்தச் சுமையில் குறைந்த பெட்ரோலில் நிறைய வேலை செய்யுமோ, கூடிய வரை அந்தச் சுமையிலேயே அதை ஓட்டுவதற்கான ஏற்பாடும் இருக்கிறது.

இதிலிருந்து ஒரு விஷயம் விளங்கும். நின்று நின்று போகும் ஊர்ப் பாதையில்தான் இந்த வண்டிக்கு லாபம் அதிகம். நாலு வழிச் சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது பிரேக்குக்கும் வேலை இல்லை, நிற்பதும் இல்லை. ஆகவே லாபம் குறையும். வழக்கமாக மைலேஜ் கூடுவது நெடுஞ்சாலையில்தான் என்று பழகிய டிரைவர்களுக்கு இது முதலில் விநோதமாகப் படும்.

மலைப் பாதையில் என்ன ஆகும்? தாளவாடியிலிருந்து காய்கறியோடு சத்தியமங்கலம் இறங்குகிறவர்கள் திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை அறிவார்கள். அவ்வளவு நீண்ட இறக்கத்தில் கிடைக்கும் மின்சாரத்தை வைத்துக்கொள்ள சாதாரண ஹைபிரிட்டின் சிறிய பாட்டரிக்கு இடம் போதாது. பாதி மலை இறங்குவதற்குள் அது நிரம்பிவிடும். அதற்குப் பிறகு கிடைப்பது வீண்தான். பிளக் உள்ள வண்டியின் பெரிய பாட்டரியில் இடம் இருந்தால் மொத்தமும் சேமிப்பில் சேரும். ஆனால் மலை மேலேயே சார்ஜ் ஏற்றி, பாட்டரி நிரம்ப இறங்கத் தொடங்கினால் அதிலும் இடம் இருக்காது.

பாட்டரி எவ்வளவு பெரியது?

இரண்டு ஜாதிக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் பாட்டரியில்தான். இந்த வகைக் காரை முதன்முதலாகப் பெருமளவில் விற்றது ஜப்பானின் டொயோட்டா நிறுவனம். 1997 டிசம்பரில் வந்த பிரியஸ் என்ற கார் அது. பிளக் மாட்டும் வகையில் பெருமளவு உற்பத்திக்கு முதலில் வந்தது சீனாவின் பி.ஒய்.டி. நிறுவனம் 2008-ல் வெளியிட்ட கார். பிற்பாடு டொயோட்டாவும் பிரியஸில் பிளக் உள்ள வண்டியைக் கொண்டுவந்தது. ஆகவே ஒரே காரில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

அமெரிக்காவில் 2023-ல் விற்ற பிரியஸில், பிளக் இல்லாத வண்டியின் பாட்டரி ஒரு யூனிட் மின்சாரத்தைக்கூட முழுதாகக் கொள்ளாது. பிளக் உள்ள வண்டியின் பாட்டரி 13.6 யூனிட் கொள்ளும். ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் சுமார் 70 கி.மீ. மின்சாரத்திலேயே போகலாம் என்று அந்நாட்டு அரசின் சோதனை சொன்னது. இதற்கு விலை இரண்டு விதத்தில். பணத்தில் சுமார் 5,000 டாலர் கூடுதல், அதாவது அன்றைய மதிப்பில் நான்கு லட்சம் ரூபாய். எடையில் சுமார் 150 கிலோ கூடுதல், அதாவது இரண்டு மூட்டை நெல்லை எப்போதும் ஏற்றிக்கொண்டு ஓடுவதற்குச் சமம்.

சார்ஜ் இருக்கும்போது அந்த இரண்டு மூட்டை கூலி கொடுக்கிறது. சார்ஜ் இல்லாதபோது வெறும் பாரம். பிளக்கில் மாட்டச் சோம்பல் படுகிறவர், பக்கத்து வண்டிக்காரரைவிடக் கூடுதல் விலையும் கொடுத்து, கூடுதல் பெட்ரோலும் எரித்துக்கொண்டு திரிவார்.

இது வெறும் ஊகமல்ல. ஐரோப்பாவில் இது பெரிய அளவில் நடந்தது. அங்கே பிளக் மாட்டும் கார்களுக்கு அரசுகள் வரிச் சலுகை கொடுத்தன. கம்பெனிகள் தங்கள் அலுவலர்களுக்கு அவற்றை வாங்கிக் கொடுத்தன. பெட்ரோலுக்குக் கம்பெனி பணம் கொடுக்கும்போது, வீட்டில் யார் தன் காசில் சார்ஜ் ஏற்றுவார்கள்? கார்களில் உள்ள அளவைக் கருவிகளே பதிந்த கணக்கை எடுத்துப் பார்த்த ஐரோப்பிய ஆணையம் 2024-ல் முடிவை வெளியிட்டது. இந்த வண்டிகள் சாலையில் விடும் கரியமில வாயு, சோதனைக் கூடத்தில் காட்டிய அளவைப் போல் சராசரியாக மூன்றரை மடங்கு. பெட்ரோல் செலவும் அதே கணக்கில்தான் இருந்திருக்க வேண்டும்.

மின்சாரக் கணக்கு

இனி வீட்டுக் கணக்குக்கு வரலாம். பிளக் உள்ள வண்டி ஒரு யூனிட்டில் ஏறக்குறைய 5 கி.மீ. ஓடும் என்று வைத்துக்கொள்ளலாம். சார்ஜ் ஏற்றும்போது ஏற்படும் நஷ்டமும் இதில் அடக்கம். தினம் 40 கி.மீ. ஓடினால் 8 யூனிட். தமிழ்நாட்டில் மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்பதால், 60 நாளைக்கு 480 யூனிட் ஆகிறது.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். தற்போது வீட்டுக்கு வரும் பில்லைப் பார்த்து, யூனிட்டுக்கு இரண்டு ரூபாய் சில்லறைதான் ஆகும் என்று கணக்குப் போடுகிறார்கள். முதல் 100 யூனிட் இலவசம் என்பதும், அடுத்த 100 யூனிட்டுக்குச் சலுகை விலை என்பதும் உண்மை. ஆனால் அவற்றை வீட்டு விளக்கும் ஃபேனும் மிக்சியும் ஏற்கெனவே தீர்த்துவிடுகின்றன. கார் குடிப்பது அவற்றுக்கு மேலே உள்ள விலை கூடிய யூனிட்டுகளை. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த கட்டணத்தில் 400 யூனிட் வரை ஐந்து ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அதைத் தாண்டினால் ஆறு ரூபாய்க்கு மேல். 500-ஐத் தாண்டினால் எட்டுக்கு மேல். அத்துடன் இரண்டாவது நூறுக்கு உள்ள சலுகையும் போய்விடும். 600-க்கு மேல் ஒன்பது ரூபாயைத் தாண்டுகிறது.

இதுவரை 200 யூனிட் ஓடிய வீடு, கார் வந்த பிறகு 680 யூனிட் ஓடும். சுமார் 240 ரூபாயாக இருந்த பில் 3,600 அல்லது 3,700 ரூபாயாக உயரும். அதாவது காருக்கான மின்சாரம் மட்டும் சுமார் 3,400 ரூபாய். சராசரியாக யூனிட் ஏழு ரூபாய்.

அப்படியிருந்தும் மின்சாரமே மலிவு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதே 2,400 கி.மீ. தூரத்தைச் சாதாரண ஹைபிரிட்டில் ஓட, லிட்டருக்கு 20 கி.மீ. என்று வைத்தால் 120 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று முழு எண்ணாக எடுத்தால் 12,000 ரூபாய். இரண்டு மாதத்துக்கு 8,600 ரூபாய் மிச்சம். ஆண்டுக்கு 51,000 ரூபாய்க்கு மேல். கூடுதல் விலை நான்கு லட்சம் என்றால் எட்டு வருடத்தில் திரும்புகிறது. தினம் 40 கி.மீ. தவறாமல் ஓடி, தினம் இரவு தவறாமல் சார்ஜ் ஏற்றினால்தான் இந்தக் கணக்கு.

தோட்டத்துக்கும் கடைத்தெருவுக்குமாக நாளுக்கு 15 கி.மீ. மட்டும் ஓடுகிற வீட்டில் மிச்சம் ஆண்டுக்கு 22,000 ரூபாய்தான். நான்கு லட்சம் திரும்ப 18 வருடம் ஆகும். வண்டி அதுவரை இருக்குமா என்பது வேறு கேள்வி.

இப்படி எப்போதாவதுதான் எஞ்சின் ஓடும் வீட்டில் இன்னொரு தொல்லையும் உண்டு. டேங்கில் மாதக்கணக்கில் கிடக்கும் பெட்ரோல் கெட்டுப்போகும். ஓட்டாமல் போட்ட ஆயில் எஞ்சினை ஐப்பசி மழைக்குப் பிறகு கிளப்பிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இதற்காகவே சில வண்டிகள் சார்ஜ் இருந்தாலும் இடையிடையே தாமாக எஞ்சினை ஓட்டிக்கொள்ளும்படி செய்யப்பட்டுள்ளன. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கப்படுகிறது. கரும்பும் மக்காச்சோளமும் போடுகிறவர்களுக்கு அது நல்ல செய்தி என்றாலும், எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணமுடையது. நீண்ட நாள் தேக்கிவைக்க ஏற்றதல்ல.

பம்ப்செட் இணைப்பில் மாட்டக் கூடாது

வீட்டு மின்சாரம் யூனிட் ஏழு ரூபாய் ஆகிறது, தோட்டத்து மின்சாரம் இலவசம். அங்கேயே மாட்டிவிட்டால் என்ன என்ற எண்ணம் யாருக்கும் வரும். வரக் கூடாது.

தமிழ்நாட்டில் 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் பாசனத்துக்கு மின்சாரம் இலவசமாகக் கிடைக்கிறது. அது பாசனத்துக்கு மட்டுமே. ஒரு காரியத்துக்கென்று கொடுத்த இணைப்பை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவில் வரும் குற்றம். பிடிபட்டால், உரிய கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு கணக்கிடுவார்கள். எத்தனை நாளாக நடந்தது என்று தெரியாவிட்டால் ஆய்வு நடந்த நாளுக்கு முந்தைய 12 மாதத்துக்கும் சேர்த்துப் போடலாம். நூறு இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், நிற்கும் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சும் இணைப்பில் வம்பை இழுத்துக்கொள்வது புத்திசாலித்தனம் அல்ல.

வீட்டு இணைப்பிலும் கவனிக்க வேண்டியது உண்டு. இந்த வண்டியின் சார்ஜர் சுமார் 3 கிலோவாட் இழுக்கும். அதுவும் ஐந்து மணி நேரம் விடாமல். ஒன்று அல்லது இரண்டு கிலோவாட் அனுமதி பெற்ற பழைய வீட்டு இணைப்பில் இதை மாட்டுவதற்கு முன் மின்வாரிய அலுவலகத்தில் விண்ணப்பித்து அளவை உயர்த்திக்கொள்ள வேண்டும். சுவரில் உள்ள சின்ன பிளக் போதாது. 16 ஆம்பியர் பிளக், தனி ஒயர், தனி பிரேக்கர், நல்ல எர்த் ஆகியவை அவசியம். எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டுக் கோடையில் தண்ணீர் ஊற்றுவது பம்ப்செட் வைத்திருப்பவர்களுக்குப் பழக்கமான வேலைதான். டிரான்ஸ்பார்மருக்கு வெகு தொலைவில், லைனின் கடைசிக் கம்பத்தில் வீடு இருந்தால் மாலையில் வோல்டேஜ் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துக்கொள்வதும் நல்லது. டியூப் லைட் சிமிட்டுகிற வீட்டில் சார்ஜரும் தகராறு செய்யும்.

இங்கே என்ன கிடைக்கிறது?

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். 2025 வரை இந்தியாவில் விற்ற பிளக் மாட்டும் ஹைபிரிட்டுகள் பெரும்பாலும் கோடி ரூபாய் விலையுள்ள சொகுசு வண்டிகள். முழு மின்சாரக் காருக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. என்றிருக்க, பிளக் இருந்தாலும் பெட்ரோல் எஞ்சின் உள்ள காருக்கு அந்தச் சலுகை கிடையாது. 2025 செப்டம்பரில் வரி மாறிய பிறகு பெரிய ஹைபிரிட் கார்களுக்கு 40 சதவீதம். விலை குறைந்த பிளக் வண்டிகள் வந்தால் மேலே சொன்ன கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கலாம். அதுவரை, நடுத்தர விலையில் வாங்கக் கிடைப்பது பிளக் இல்லாத வண்டிதான்.

அதில் 2022-ல் ஹோண்டா சிட்டி, டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா இன்னோவா ஹைகிராஸ் ஆகியவை அடுத்தடுத்து வந்தன. ஹைரைடரும் கிராண்ட் விட்டாராவும் பெங்களூருக்கு அருகே பிடதியில் ஒரே தொழிற்சாலையில் தயாராகின்றன. லிட்டருக்கு 27.97 கி.மீ. என்பது இந்த இரண்டின் ஹைபிரிட் வண்டிக்குச் சோதனையில் கிடைத்த கணக்கு. "இருபத்தெட்டு கொடுக்கும் அண்ணே" என்று கடைக்காரர் சொல்வார். ஏ.சி. போட்டு, ஐந்து பேரை ஏற்றி, மேடு பள்ளமான ஊர்ப் பாதையில் ஓட்டுகிறவர் 20 என்று எடுத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

பெயரைப் பார்த்து ஏமாறுவது வேறு வகை. "ஸ்மார்ட் ஹைபிரிட்" என்ற பெயரோடும் கார்கள் விற்பனையாயின. மாருதி சியாஸில் 2015-லேயே அது வந்துவிட்டது. அதில் உள்ளது சற்றே பெரிய ஸ்டார்ட்டர் மோட்டார்தான். கிளம்பும்போது எஞ்சினுக்குக் கொஞ்சம் கை கொடுக்கும். அது மட்டும் தனியாக வண்டியை இழுக்காது. அதில் தவறொன்றும் இல்லை, விலையும் குறைவு. ஆனால் உண்மையான ஹைபிரிட்டின் மைலேஜை அதில் எதிர்பார்க்கக் கூடாது. "எஞ்சின் அணைந்த நிலையில் மோட்டார் மட்டும் வண்டியை நகர்த்துமா?" என்று கேட்டால் பதிலில் தெரிந்துவிடும்.

எவ்வளவு ஓடும் என்பதே கணக்கு

ஒரே மாதிரி வண்டியில் வெறும் பெட்ரோல் வண்டிக்கும் ஹைபிரிட்டுக்கும் விலை வித்தியாசம் மூன்று லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 14, ஹைபிரிட் 20.

சொந்த உபயோகத்துக்கு ஆண்டுக்கு 10,000 கி.மீ. ஓட்டும் குடும்பத்துக்கு 214 லிட்டர் மிச்சமாகும். அதாவது 21,400 ரூபாய். மூன்று லட்சம் திரும்ப 14 வருடம். அந்த மூன்று லட்சத்தைக் கடனாக வாங்கியிருந்தால், நூற்றுக்கு ஒன்பது வட்டி என்றாலும் முதல் வருட வட்டியே 27,000 ரூபாய். மிச்சத்தைவிட வட்டி அதிகம்! இந்தக் குடும்பத்துக்கு இரண்டு ஜாதி ஹைபிரிட்டும் வேண்டாம். சாதாரணச் சின்னக் காரோ, நல்ல நிலையில் உள்ள பழைய காரோ போதும். மூன்று லட்சம் கையில் இருந்தால் சொட்டு நீர்ப் பாசனமோ, இரண்டு கறவை மாடோ அதற்கு முன்னால் வரிசையில் நிற்கின்றன.

ஆண்டுக்கு 40,000 கி.மீ. ஓடும் வாடகைக் காருக்குக் கணக்கு தலைகீழ். 857 லிட்டர், அதாவது ஆண்டுக்கு 85,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். கூடுதல் விலை மூன்றரை வருடத்தில் திரும்பிவிடும். அதிலும் ஊருக்குள் ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், ரயில் நிலையம் என்று சுற்றும் வண்டியானால் இன்னும் சீக்கிரம். இன்று பழனி, நாளை திருச்சி என்று போகும் வாடகை வண்டிக்குப் பிளக் உள்ளது உதவாது. முதல் 50, 60 கி.மீ. தூரம்தான் மின்சாரத்தில் போகும். மீதி 200 கி.மீ. தூரம் இரண்டு மூட்டை பாரத்தோடு பெட்ரோலில் போகும்.

பிளக் உள்ள வண்டி யாருக்குத்தான் ஏற்றது? தினம் ஒரே பாதையில் போய்த் திரும்புகிறவர்களுக்கு. பக்கத்து டவுனில் வேலை பார்த்துக்கொண்டே தோட்டத்தையும் கவனிக்கிறவர், காலையில் உழவர் சந்தைக்குப் போய் மதியம் திரும்புகிறவர் போன்றோருக்கு 40, 50 கி.மீ. தினசரி ஓட்டமும், மாதம் ஒரு முறை வெளியூர்ப் பயணமும் இருந்தால் பொருந்தும். அந்த வெளியூர்ப் பயணமும் இல்லையென்றால் முழு மின்சார வண்டியே போதும். இரண்டு எந்திரத்துக்குப் பராமரிப்புச் செலவு செய்ய வேண்டியதில்லை.

வாங்கும்போது

பாட்டரிக்கு உத்தரவாதம் எத்தனை வருடம் என்பதை எழுத்தில் பார்க்க வேண்டும். டொயோட்டா இங்கே ஹைபிரிட் பாட்டரிக்கு 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கி.மீ., எது முன்னால் வருகிறதோ அது என்று கொடுத்தது. ஆண்டுக்கு 40,000 கி.மீ. ஓட்டுகிறவருக்கு இது நான்கு வருடத்தில் முடிந்துவிடும் என்பதைக் கவனிக்கவும். வாடகைக்கு ஓட்டினால் உத்தரவாதம் குறையுமா, அந்த மாடலை வாடகைப் பதிவில் கொடுப்பார்களா என்பதையும் முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். உத்தரவாதம் முடிந்த பிறகு புதுப் பாட்டரி என்ன விலை, அதை மாற்றக்கூடிய ஒர்க்‌ஷாப் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்பவையும் கேட்க வேண்டிய கேள்விகளே.

இந்த வண்டிகளில் ஆரஞ்சு நிறத்தில் தடித்த ஒயர்கள் ஓடும். அவற்றில் செல்வது உயிருக்கு ஆபத்தான மின் அழுத்தம். ஊரில் மோட்டார் ரீவைண்டிங் செய்பவரையோ, வழக்கமான மெக்கானிக்கையோ அதில் கை வைக்க விடக் கூடாது. வைக்கோல் போருக்கும் நெல் மூட்டைக்கும் பக்கத்தில் வண்டியை நிறுத்துவதையும் தவிர்க்க வேண்டும். எலி ஒயரைக் கடிப்பது எல்லாக் காருக்கும் உள்ள தொல்லைதான். இதில் ஒயர் மாற்றும் செலவு பல மடங்கு.

கடைக்காரர் ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும்போது ஷோரூம் வாசலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவதில் பயனில்லை. முடிந்தால் வீட்டிலிருந்து தோட்டம், தோட்டத்திலிருந்து சந்தை என்று தினம் போகும் பாதையிலேயே, வீட்டாரை ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். கிளம்பும் முன் டேங்கை நிரம்ப ஊற்றி, கி.மீ. கணக்கைக் குறித்துக்கொண்டு, திரும்பியதும் அதே பங்கில் மறுபடி நிரம்ப ஊற்றிப் பார்த்தால், எத்தனை லிட்டர் பிடித்தது என்பது பங்கிலுள்ள மீட்டரிலேயே தெரியும். ஓட்டிய தூரத்தை அந்த லிட்டரால் வகுத்துக்கொள்ளலாம். ஐம்பது கி.மீ. தூரத்துக்குக் குறைவாக ஓட்டினால் இந்தக் கணக்கு சரியாக வராது.